மார்த்தாண்டம், களியக்காவிளை டிராவல்ஸ் அண்ணன்மாருக்கு ஒரு திறந்த மடல்

அண்ணன்மாரே,

கடைக் கண்ணாடியில் 'துபாய் வெறும் 3 மணி நேரம்' என்று ஒட்டி வைத்திருப்பவர்கள் அந்தத் தாளைத் தயவுசெய்து கிழித்துவிடுங்கள். டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம் என்பது உங்களுக்குத் தெரியாததா என்ன? திருவனந்தபுரத்தில் விடியற்காலை 4.30க்குக் கிளம்பி துபாயில் 7.15க்கு இறங்கும் என்று போட்டிருந்தால், கழித்துப் பார்க்கிறவருக்கு இரண்டே முக்கால் மணி நேரம்தான். துபாய் கடிகாரம் நம்முடையதைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால் ஓடுகிறதே, அதையும் சேர்த்தால் நாலேகால். திரும்பும்போது கணக்கு தலைகீழாகி, வர ஏன் இவ்வளவு நேரம் என்று குழம்புவார்கள். உண்மையில் மேல்காற்று பின்னாலிருந்து தள்ளுவதால் வருகிற விமானம்தான் பெரும்பாலும் சீக்கிரம் வரும்.

சரி, வளைகுடாவுக்கு இது பொறுத்துக்கொள்ளலாம். லண்டனுக்கு?

எங்கள் பெரியம்மா தன் மகளின் பிரசவத்துக்காக அங்கே போனார். சர்க்கரை நோயாளி. டிக்கெட் போட்டுக் கொடுத்த கடையில் 'பத்து மணி நேரம்தான் அம்மா' என்று சொல்லிவிட்டார்கள். அதை நம்பி ஒருவேளை மாத்திரையை மட்டும் கைப்பையில் வைத்துக்கொண்டு, மீதியை முறுக்கோடும் அச்சப்பத்தோடும் பெரிய பெட்டியில் போட்டுவிட்டார். தோஹாவில் இறங்கி அடுத்த விமானத்துக்கு ஆறு மணி நேரம் உட்கார வேண்டும் என்பது அங்கே போய்த்தான் அவருக்குத் தெரிந்தது.

இதைக் கேட்டால், தோஹா சுற்றிப் போகிற வழி, அதனால்தான் நேரமாகிறது என்கிறீர்கள். அதுவும் சரியில்லை. திருவனந்தபுரத்திலிருந்து லண்டன் ஹீத்ரோவுக்கு நேர்வழி ஏறத்தாழ 8,400 கிலோமீட்டர், தோஹா வழியாகப் போனால் 8,500. மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிற விமானத்துக்கு அந்த 100 கிலோமீட்டர் பத்து நிமிடம்கூட இல்லை. நேரத்தைத் தின்பது காத்திருப்பும், இரண்டு முறை இறங்கி ஏறுவதும், செக்யூரிட்டி வரிசையும்தான். தூரத்தைப் போட்டு நேரத்தை ஊகிக்க வைக்காதீர்கள்.

இன்னொன்று, நம் வீட்டு வாசலிலிருந்து விமானத்தில் ஏறுகிறவரை ஆகிற நேரத்தை நீங்கள் யாருமே சொல்வதில்லை. களியக்காவிளையிலிருந்து ஏர்போர்ட் 35 கிலோமீட்டர்போலத்தான் வரும், ஆனால் சாயங்காலம் பாலராமபுரத்தில் மாட்டினால் தோஹா என்ன, கரமனை தாண்டுவதே பெரிய காரியம். அதிலும் வெளிநாட்டு விமானத்துக்குச் சாக்கை பக்கம் போக வேண்டியவரை டிரைவர் சங்குமுகம் பக்கம் உள்நாட்டு டெர்மினலில் இறக்கிவிட்டால் ஓடுபாதையைச் சுற்றிக்கொண்டு மறுபடி ஒரு ஓட்டம்.

அதனால் இனிமேல் டிக்கெட் கவரின் மேல் பேனாவால் நாலு வரி எழுதிக் கொடுங்கள், தமிழில்: வீட்டிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், எந்த டெர்மினல், இடையில் எங்கே எவ்வளவு நேரம், மொத்தம் எத்தனை மணி நேரம். வயதானவர் என்றால் மருந்தைக் கைப்பையில் வைக்கச் சொல்லுங்கள். அப்புறம் கமிஷன் எவ்வளவு வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளுங்கள், நாங்கள் கேட்க மாட்டோம்.

இப்படிக்கு,
குழித்துறையிலிருந்து உங்கள் வாடிக்கையாளன்