தேரும் இல்லை, கூழும் இல்லை

கான், நோர்மண்டி, பிரான்ஸ்
21.01.2024

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நல்ல சுகம். உங்கள் முழங்கால் வலி இப்போது எப்படி? பொங்கலன்று போனில் "அங்கே என்ன பொங்கினாய்?" என்று கேட்டீர்கள். வேலைக்கு ஓடும் அவசரத்தில் "ஒன்றும் இல்லை" என்று சொல்லிவிட்டேன். அது பொய். போனில் சொன்னால் விளங்காது என்றுதான் ஆறுதலாக எழுதுகிறேன்.

நான் பார்த்துக்கொள்ளும் மடாமைப் பற்றிச் சொல்லியிருக்கிறேனே, 87 வயது. முதல் கிழமையிலேயே "தேர்கூல் சாப்பிட்டிருக்கிறாயா?" என்று கேட்டார். தேரடியில் ஊற்றும் கூழாக்கும் என்று எனக்குள் சிரிப்பு. பார்த்தால் தேரும் இல்லை, கூழும் இல்லை. பாலும் அரிசியும் போட்ட புக்கை! இந்த ஊர்ப் பேச்சில் அந்தப் பெயருக்கு 'வாய் கோணுவது' என்று அர்த்தமாம். ஆக்கப் பொறுத்தவர்கள் ஆறப் பொறுக்காமல் வாயில் வைத்தால் வேறென்ன நடக்கும்?

அளவைக் கேட்டால் நம்ப மாட்டீர்கள். 2 லீற்றர் பாலுக்கு 150 கிராம் அரிசி. எங்கள் சுண்டு ஒன்றுகூட நிரம்பாது. 180 கிராம் சீனி, இரண்டு சின்னக் கரண்டி கறுவாத்தூள், ஒரு சிட்டிகை உப்பு. எல்லாவற்றையும் சட்டியில் போட்டு, மேலே பாலை மெதுவாக ஊற்றிப் போறணைக்குள் வைப்பார்கள். முதல் ஒரு மணித்தியாலம் 150 பாகையில், பிறகு 110இல் ஐந்து மணித்தியாலம். உள்ளே போனபின் கிண்டவே கூடாது. நான் பழக்கதோஷத்தில் கரண்டியோடு போறணைக் கதவைத் திறக்கப்போய், மடாமிடம் கையில் ஒரு தட்டு வாங்கினேன்.

முதல்தரம் பாரிஸ் லா ஷப்பலில் வாங்கி வைத்திருந்த பாசுமதியில் செய்தேன். அரிசி ஒரு பக்கம், பால் ஒரு பக்கம். மடாம் ஒரு கரண்டி சாப்பிட்டுவிட்டு "நல்ல வாசம்" என்றார், அவ்வளவுதான். குண்டரிசிதான் பாலைக் குடித்துக் குழையுமாம். இந்தப் பொங்கலுக்கு அதைத்தான் போட்டேன்.

வெளியே எடுத்தால் மேலே கறுப்பும் மண்ணிறமுமாய் ஒரு தோல், கரண்டியால் தட்டினால் டொக்கென்று சத்தம் கேட்கும். அதைக் குத்தினால் உள்ளே இளமஞ்சளாய்த் தளதளவென்று இருக்கும். எங்களுக்கு அடியில் பிடிப்பது இவர்களுக்கு மேலே பிடிக்கிறது. அந்தத் தோலுக்காகச் சின்ன வயதில் மடாமுக்கும் அவரது அண்ணருக்கும் பெரிய சண்டையாம். அப்போது வீட்டில் போறணை ஏது? அவரின் அம்மா சனிக்கிழமை பின்னேரம் சட்டியைத் துணியில் கட்டிப் பாண் சுடுகிறவரிடம் கொடுத்துவிடுவார். பாண் சுட்டு முடிந்த சூட்டில் இரவெல்லாம் கிடந்து, ஞாயிறு பூசை முடிந்து வரும்போது பதமாக இருக்குமாம்.

உலகப் போரில், 1944 ஜூனில் கான் நகரத்தில் குண்டு விழத் தொடங்கியபோது மடாமுக்கு எட்டு வயது. பக்கத்தில் ஃப்ளூரி என்ற இடத்தில் பழைய கல்லுடைக்கும் குகைகள் இருக்கின்றன. ஆயிரக்கணக்கான சனத்தோடு அதற்குள் ஒரு மாதத்துக்கு மேல் இருந்தார்களாம். அங்கே ஒருநாள் தேர்கூல் கேட்டு அழுதிருக்கிறார். "சட்டி வீட்டில் இருக்கிறது, போனதும் செய்யலாம்" என்று அம்மா சமாளித்திருக்கிறார். திரும்பிப் போனால் வீடே இல்லை. இப்போது இருக்கும் சட்டி பிறகு நொரோன் என்ற குயவர் ஊரில் வாங்கியது.

அம்மா, 95இல் யாழ்ப்பாணத்தை விட்டு இடம்பெயர்ந்தபோது நாவற்குழிப் பாலத்தில் மழைக்குள் நின்றது உங்களுக்கு மறக்காது. எனக்கு ஏழு வயது. ஆனால் எனக்குப் பாலத்தைவிட, சாவகச்சேரிப் பள்ளிக்கூடத்தில் நிவாரண அரிசியில் பனங்கட்டித் துண்டைக் கரைத்து நீங்கள் கிண்டித் தந்த புக்கைதான் வடிவாக ஞாபகம். பால் இல்லை. அடிப்பிடித்துவிட்டது என்று உங்களுக்குக் கண் கலங்கியது. நானும் தம்பியும் அந்தக் காந்தலுக்கு அடிபட்டுக்கொண்டிருந்தோம்.

பொங்கலன்று இதை என் அரைகுறைப் பிரெஞ்சில் மடாமுக்குச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. தோலை இரண்டாக வெட்டிப் பெரிய துண்டை என் தட்டில் வைத்தார்.

அப்புறம் ஒரு பகிடி. கறுவாப் பெட்டியில் 'சிலோன்' என்று எழுதியிருக்கிறது. எங்கள் நாடுதான் என்றேன், மடாமுக்குப் பெரிய புளுகம். உங்கள் வளவில் எத்தனை கறுவா மரம் நிற்கிறது என்று கேட்டார். கறுவா தெற்கில்தான், எங்கள் வளவில் முருங்கையும் பனையும்தான் என்றதும் முகம் வாடிவிட்டது. சரி, பனையில் இனிப்பு வரும் என்றேன். அப்படியானால் அதில் புக்கை செய்து தா என்று இப்போது ஒரே நச்சரிப்பு.

மாசியில் மாமி வரும்போது பனங்கட்டிக் குட்டான் இரண்டு கொடுத்துவிடுங்கள். கறுவா வேண்டாம், இங்கே இருக்கிறது.

அன்பு மகள்