குருசடைத் தீவுக்குப் படகில் சென்றுவர ஏற்பாடு கோரும் மனு

அனுப்புநர்:
தாயகம் திரும்பிய தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள்,
கோத்தகிரி வட்டம், நீலகிரி மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
உதகமண்டலம்.

பொருள்: முதியோர் 40 பேர், இராமேஸ்வரம் அருகே மன்னார் வளைகுடாவில் உள்ள குருசடைத் தீவைப் படகில் சென்று பார்க்கவும், கரையில் எளிய இடத்தில் தங்கவும் உதவி கோருதல்.

மதிப்பிற்குரிய ஆட்சித் தலைவர் அவர்களுக்கு, வணக்கம்.

நாங்கள் இந்த மலைக்கு வந்ததே கடல் வழியாகத்தான். 1964 அக்டோபரில் கையெழுத்தான இந்திய-இலங்கை அரசுகளின் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து அனுப்பப்பட்டவர்கள். தலைமன்னாரில் இராமானுஜம் கப்பல் ஏறி, இராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் பதிவு முடித்து, எங்களுக்காக 1968இல் தொடங்கப்பட்ட அரசுத் தேயிலைத் தோட்டங்களில் வேலைக்குச் சேர்ந்தோம். 1973இல் நான் ஒன்பது வயதுச் சிறுமி. கப்பலில் அம்மா அழுதுகொண்டே இருந்தார். அவருடைய முந்தானையைப் பிடித்தபடி தகரப்பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தது நினைவிருக்கிறது. கடல் நினைவில் இல்லை. என் வயதுக்காரர்கள் பலரும் இதையேதான் சொல்கிறார்கள். அந்தக் கடலை ஒருமுறையாவது மனம் நிறையப் பார்க்க வேண்டும் என்பதே எங்கள் ஆசை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் பதினெட்டுப் பேர் பணம் சேர்த்து இராமேஸ்வரத்துக்கு வேனில் போனோம். ஆடி அமாவாசைக் கூட்டம். அறைக்குக் கேட்ட வாடகை எங்கள் கைக்கு எட்டவில்லை, வேனிலேயே படுத்தோம். மறுநாள், தீவுக்குப் படகு புறப்படும் குந்துகாலில் காற்று பலமாக இருந்ததால் படகு விடவில்லை. கரையில் நின்று தீவைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம்.

ஆகவே தை அமாவாசை கழிந்து மாசிக்குள் ஒரு நாளைக் குறித்துத் தர வேண்டுகிறோம். அப்போது மன்னார் வளைகுடா அடங்கியிருக்கும். இங்கே பனியில் கொழுந்து குறைந்துவிடுவதால், தோட்டத்தில் வேலை செய்யும் பிள்ளைகளும் துணைக்கு வர முடியும். இராமநாதபுரம் மாவட்ட நிர்வாகத்துக்கும் வனத்துறைக்கும் தாங்கள் கடிதம் எழுதி, அன்றைய படகில் எங்களுக்கு இடம் ஒதுக்கச் செய்ய வேண்டும். காற்று எழுந்தால் மறுநாள் போவதற்கும் வழி இருக்க வேண்டும். கட்டணத்தை நாங்களே கட்டுகிறோம்.

தேசியப் பூங்காவான அந்தத் தீவுகளில் இரவு தங்கக் கூடாது என்பதை அறிவோம். அது சரியான விதி. பவளப்பாறையை வெட்டி எடுத்ததால் 21 தீவுகளில் இரண்டு கடலுக்குள் போய்விட்டன. இனி ஒன்றுகூடப் போகக் கூடாது. மண்டபத்திலோ இராமேஸ்வரத்திலோ அரசுக் கட்டடத்தில் இரண்டு இரவுக்கு ஒரு கூடம் கிடைத்தால் போதும். பாய், போர்வை கொண்டுவருவோம். கூடமும் கழிப்பறையும் தரைத்தளத்தில் இருக்க வேண்டும். கழிப்பறையில் உட்காரும் வசதி கட்டாயம் தேவை. கூடை சுமந்து மேடேறி முழங்கால் தேய்ந்தவர்கள் நாங்கள். படகில் கைபிடித்து ஏற்றிவிட ஓர் ஆளும் வேண்டும்.

பெயர்ப் பட்டியலும் ஆதார் நகல்களும் இணைத்துள்ளோம். எங்களில் மூத்தவருக்கு 82 வயது. அவர் நடமாட்டத்தோடு இருக்கும்போதே, வரும் மாசிக்குள் இந்தப் பயணத்துக்கு ஏற்பாடு செய்து தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மேற்படி குடும்பங்களின் சார்பில்,
ஓய்வுபெற்ற கொழுந்து பறிக்கும் தொழிலாளி,
கோத்தகிரி.