ரயிலில் வந்த உழவுப் பாடம்: ஒன்பதாம் வகுப்புப் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

இந்த வாரம் பிள்ளைகள் ஈரத்துணியில் மக்காச்சோள மணிகளை அடுக்கி வைத்தால் திட்டாதீர்கள், அது வீட்டுப்பாடம்தான். அமெரிக்க ரயில் கம்பெனிகள் தங்கள் பாதையோரம் விவசாயத்தை எப்படி வளர்த்தன என்று வரலாற்று ஆசிரியரும் அறிவியல் ஆசிரியரும் சேர்ந்து நடத்துகிறார்கள்.

ரயிலுக்கும் உழவுக்கும் என்ன சம்பந்தம்? விளைச்சல் இல்லாத சமவெளியில் தண்டவாளம் போட்டால் ஏற்றிச் செல்லச் சரக்கு இருக்காது. 1862 முதல் அரசு பாதையின் இருபுறமும் ஏராளமான நிலத்தைக் கம்பெனிகளுக்குக் கொடுத்தது. நிலத்தை விற்றால் ஒரு வரவு. வாங்கியவர் விளைவித்தால் வருஷா வருஷம் சரக்குக் கட்டணம். கான்சாஸில் சாந்தா ஃபே கம்பெனி, ரஷ்யாவிலிருந்து வந்த மெனனைட் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடியானவர்களுக்கு நிலம் விற்றது. 1874இல் வந்த அவர்களோடு 'டர்க்கி ரெட்' என்ற குளிர்காலக் கோதுமையும் வந்தது. பின்னாளில் அந்த மாநிலமே கோதுமைக்குப் பேர்போனது.

அந்த மண் பூர்வகுடிகளுடையது என்பதையும் வகுப்பில் சொல்கிறோம். "உழவு போனால் பின்னாலேயே மழை வரும்" என்ற பேச்சை நம்பி வறண்ட பகுதியில் குடியேறிய பலர், 1890களின் வறட்சியில் நிலத்தை விட்டுப் போனார்கள். நிலம் விற்றவர்கள் அந்தப் பேச்சைப் பரப்பியதையும் பிள்ளைகள் தெரிந்துகொள்ளட்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது 1904இல் ஐயோவா மாநிலத்தில் நடந்தது. பெர்ரி ஹோல்டன் என்ற வேளாண் பேராசிரியர் ரயிலில் ஊர் ஊராகப் போனார். வண்டி நின்றதும் விவசாயிகள் பெட்டிக்குள் ஏறி உட்கார்வார்கள். பார்க்க அழகாக இருக்கும் மக்காச்சோளக் கதிர் எல்லாம் நன்றாக முளைக்கும் என்று நம்பாதீர்கள் என்பார் அவர். ஒவ்வொரு கதிரிலிருந்தும் ஆறு மணி எடுத்து முளைக்க வையுங்கள், முளைக்காத கதிரை விதைக்கு எடுக்காதீர்கள் என்று செய்தே காட்டுவார். விளைச்சல் கூடினால் கம்பெனிக்குச் சரக்கு கூடும். விவசாயிக்கும் அதில் நிஜமாகவே நன்மை இருந்தது.

அதே சோதனையைத்தான் பிள்ளைகள் செய்கிறார்கள். வீட்டில் மக்காச்சோளம் இல்லையென்றால் உளுந்தோ பச்சைப்பயறோ போதும். பூச்சிமருந்து தடவிய விதை மட்டும் வேண்டாம். அப்புறம், விவசாயம் செய்யும் பெற்றோர் யாராவது வந்து நீங்கள் விதை தேர்ந்தெடுக்கும் முறையைச் சொன்னால் மிகவும் மகிழ்வோம். வர முடிந்தால் வகுப்பாசிரியரிடம் சொல்லுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்