மலருடைய முன்பல்

அன்புள்ள செல்வி,

பொங்கலுக்கு நீ போட்ட கடிதத்துக்கு ஆடி முடிந்து பதில் எழுதுகிறேன். திட்டுவதை நேரில் வைத்துக்கொள். அம்மாவுக்கு முட்டிவலி தேவலை. ராஜி இன்னமும் அதே ராஜிதான்.

போன வருடக் கோடை விடுமுறையில் மலர் சறுக்குமரத்தில் விழுந்து முன்பல்லில் அடிபட்டாள் அல்லவா? வலி நின்றதும் நாங்கள் மறந்துவிட்டோம். மூன்று மாதம் கழித்து ஈறில் சீழ்க்கொப்புளம். பல்லின் உள்நரம்பு செத்துவிட்டதாம். முதலில் பார்த்த டாக்டர், "பிடுங்கிவிடலாம்" என்றார். எட்டு வயதுப் பிள்ளைக்கு, செல்வி! பால்பல் விழுந்து புதிதாய் முளைத்த பல். அன்றிரவு நான் தூங்கவில்லை.

அப்புறம் குழந்தைகளுக்கான பல் டாக்டரிடம் போனோம். பல் வெளியே வந்தாலும் வேர் முழுதாக வளர இன்னும் இரண்டு மூன்று வருடம் ஆகுமாம். மலருக்கு அது பாதியில் நின்றுவிட்டது. எக்ஸ்ரேயில் நுனி புனல்போலத் திறந்திருந்தது, சுவர் அவ்வளவு மெல்லிசு. முன்பெல்லாம் மாதக்கணக்கில் கால்சியம் ஹைட்ராக்சைடு என்ற மருந்தை வைத்து நுனியை மட்டும் மூடவைப்பார்களாம். வேர் தடிக்காது, பிறகு லேசான அடிக்கே முறிந்துவிடக்கூடுமாம்.

இவர் செய்தது வேறு. முதல் நாள் உள்ளே கழுவி மருந்து வைத்து மூடினார். மூன்று வாரம் கழித்து, வேர்நுனிக்குச் சற்று அப்பால் ஊசியால் வேண்டுமென்றே குத்தி, பல்லுக்குள் ரத்தம் வரவழைத்தார்! ரத்தக்குழாயைச் சுருக்கும் மருந்து கலக்காத மரப்பு ஊசிதான் அன்று போட்டார். கலந்திருந்தால் ரத்தம் சரியாக வராதாம். அந்த ரத்தம் உறைந்ததும் மேலே ஒரு சிமெண்ட் வைத்து அடைத்தார். நுனியைச் சுற்றியுள்ள, புதுத் திசுவாக வளரக்கூடிய குருத்தணுக்கள் ரத்தத்தோடு உள்ளே வந்து, உறைந்த கட்டியைப் பிடித்துக்கொண்டு வளருமாம். ரத்தத்தைப் பார்த்தாலே மயங்குகிற நான் அன்று மலரின் கையைப் பிடித்தபடி, "வா, வா" என்று மனதுக்குள் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

ஆனால் அவர் ஆசை காட்டவில்லை. உள்ளே வளர்வது பெரும்பாலும் பழைய நரம்புத் திசுவாக இருக்காது, எலும்பு மாதிரியான திசுதான்; சிலருக்கு வேர் வளராமலும் போகும் என்று முன்பே சொல்லிவிட்டார். அதனால்தான் இத்தனை நாள் உனக்கு எழுதக் கை வரவில்லை.

போன வாரம் ஒரு வருட எக்ஸ்ரே எடுத்தோம். நுனியிலிருந்த புண் ஆறிவிட்டது. சுவர் தடித்திருக்கிறது, எனக்கே தெரிந்தது! இன்னும் ஒரு வருடம் போய்க் காட்ட வேண்டும்.

உன் பள்ளிக்கூடத்தில் எந்தப் பிள்ளைக்காவது முன்பல்லில் அடிபட்டால், வலி போய்விட்டது என்று விட்டுவிடாதே, எக்ஸ்ரே எடுக்கச் சொல். பால்பல் விழுந்து முளைத்த பல் முழுதாகக் கழன்று விழுந்தால் வேரைத் தொடாமல், தேய்க்காமல் பாலில் போட்டு உடனே டாக்டரிடம் ஓடச் சொல். ஆசிரியர் அறையில் எழுதி ஒட்டிவிடேன்.

தீபாவளிக்கு வருகிறாயா, இல்லையா? மலர் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

உன்,
கோமதி