கெடிலக்கரைப் பாட்டும் தம்பெரே ஏரியும்

தம்பெரே, பின்லாந்து
டிசம்பர் மாதம்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. வாரம் தவறாமல் போனில் பேசுகிறவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பாய். போனில் சொன்னால் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து "என்னவாம், என்னவாம்" என்று கேட்பாள். உனக்கும் முகத்தில் எதையும் மறைக்கத் தெரியாது. படித்துவிட்டு மாமாவிடம் மட்டும் சொல்.

என் வேலை போய்விட்டது. ஆட்குறைப்பு. எங்கள் பிரிவில் பாதிப்பேர் வெளியே வந்துவிட்டோம். இந்த நாட்டில் 2025-இல் ஒரு விதி கொண்டுவந்தார்கள்: வேலை அனுமதியில் வந்த வெளிநாட்டுக்காரனுக்கு வேலை போனால், மூன்று மாதத்துக்குள் அடுத்த வேலையைத் தேடிக்கொள்ள வேண்டும்; நிபுணர் வகையில் வந்தவர்களுக்கு ஆறு மாதம். நல்லவேளையாக நான் ஆறு மாதக் கணக்கில் வருகிறேன். கையில் கொஞ்சம் சேமிப்பும் இருக்கிறது. பட்டினி கிடக்கிறேன் என்று கற்பனை செய்து அழாதே.

பகலில் வேலைக்கு விண்ணப்பம் போடுகிறேன், பிறகு நடக்கிறேன். பகல் என்று சொல்வதே மரியாதைக்குத்தான். காலை ஒன்பதரைக்கு மேல்தான் சூரியன் தலைகாட்டுகிறது, மூன்று மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. ஊர் இரண்டு ஏரிகளுக்கு நடுவில் இருக்கிறது. மேல் ஏரி கீழ் ஏரியைவிடப் பதினெட்டு மீட்டர் உயரம். அந்தத் தண்ணீர் இறங்கி ஓடும் வேகத்தை நம்பித்தான் 1820-இல் ஸ்காட்லாந்துக்காரர் ஒருவர் இங்கே தொழிற்சாலை தொடங்கினார். அது பெரிய பஞ்சாலையாக வளர்ந்தது. செங்கல் கட்டடங்கள் இன்னும் கம்பீரமாக நிற்கின்றன. உள்ளே இப்போது தறி இல்லை; சாப்பாட்டுக் கடைகளும் சினிமா கொட்டகையும்தான். ஆலை மூடி ஆட்கள் வீட்டுக்குப் போவது இந்த ஊருக்குப் புதிதல்ல என்று அதைப் பார்க்கும்போது தோன்றும். அதில் எனக்கு ஆறுதல் ஒன்றும் இல்லை.

எங்கள் குடியிருப்பின் அடித்தளத்தில் பொதுச் சௌனா, அதாவது நீராவிக் குளியலறை, இருக்கிறது. மரப்பலகை அடித்த சிறு அறை. எண்பது டிகிரிச் சூடு. அடுப்பின் மேல் கருங்கற்கள். அகப்பையால் தண்ணீர் ஊற்றினால் ஆவி எழும்பிக் காது மடலைச் சுடும். வீட்டுக்கு வாரத்தில் ஒரு மணி நேரம், எனக்கு வியாழன் இரவு. அங்கே உட்கார்ந்தால் எனக்கு அப்பரை ஏழு நாள் நீற்றறையில் அடைத்து வைத்த கதை நினைவுக்கு வராமல் இருக்குமா? போன வியாழன் வாய்விட்டே பாடிவிட்டேன், "மாசில் வீணையும் மாலை மதியமும்" என்று. வெளியே வந்தால், அடுத்த முறைக்காகப் பக்கத்து வீட்டுப் பெரியவர் துண்டோடு காத்திருக்கிறார். இத்தனை நாள் என்னிடம் ஒரு வார்த்தை பேசாத மனிதர், "தேவாலயப் பாட்டா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "நல்லது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். இந்த ஊரில் இதுவே பெரிய உரையாடல்.

ஆனால் அக்கா, அந்தப் பாட்டு இப்போது என் வாயில் ஒட்டவில்லை. சுண்ணாம்புக் காளவாயைத் தென்றல் என்று சொல்ல அவரால் முடிந்தது. எனக்கு அந்தப் பக்குவம் இல்லை. எனக்கு நெருக்கமாக இருப்பது அவருடைய முதல் பதிகம்தான், நம் கெடில ஆற்றங்கரைத் திருவதிகையில் சூலை என்கிற கொடிய வயிற்று நோயோடு வந்து நின்று பாடியது. "குடரோடு துடக்கி முடக்கியிட ஆற்றேன்" என்கிறார். தாங்க முடியவில்லை என்று ஒரு பெரிய மனிதர் சாமி முன்னால் நின்று சொல்கிறார். அதைத்தான் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கோயிலில் பாடிக்கொண்டிருக்கிறோம். இங்கே யாரும் தாங்க முடியவில்லை என்று சொல்வதில்லை. நானும் சொல்வதில்லை. ராத்திரி அந்தப் பதிகத்தைப் பாடும்போது மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

ஐந்தாவது பாட்டைக் கேள்:

"காத்தாள்பவர் காவல் இகழ்ந்தமையால்
கரைநின்றவர் கண்டுகொள் என்றுசொல்லி
நீத்தாய கயம்புக நூக்கியிட
நிலைக்கொள்ளும் வழித்துறை ஒன்றறியேன்"

கரையில் நிற்கிறவர்கள் "நீயே பார்த்துக்கொள்" என்று சொல்லி ஆழத்தில் தள்ளிவிட்டார்களாம். கால் ஊன்ற ஒரு துறையும் தெரியவில்லையாம். எங்களை அனுப்பிய அன்று கூட்டம் கால் மணி நேரம்கூட நடக்கவில்லை. கடைசியில் ஒரு காகிதம் கொடுத்து, மற்ற விவரமெல்லாம் இணையத்தில் இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். வெளியே வந்து ஏரிக்கரையில் நின்றபோது இந்த நாலு அடிதான் வந்தது. சிரிப்புக்கூட வந்தது. என் நிலைமையை அப்பர் எனக்கு முன்பே எழுதி வைத்துவிட்டாரே!

ஆறாவது பாட்டில் "நலந்தீங்கிலும் உன்னை மறந்தறியேன்" என்கிறார். இத்தனை காலம் சமண மடத்தில் தருமசேனர் என்ற பெயரில் இருந்துவிட்டு வந்தவர் இப்படிச் சொல்லலாமா என்று சின்ன வயதில் அப்பாவிடம் சண்டை போட்டேனே, நினைவிருக்கிறதா? அப்பா பதில் சொல்லாமல் அடுத்த பாட்டுக்குப் போய்விட்டார். இங்கே வந்து கோயில் குளம் எதுவும் இல்லாமல் இருந்தவனுக்கு, கஷ்டம் வந்ததும் அதே வரி கூச்சமில்லாமல் வாயில் வருகிறது. பொய் என்று எனக்குத் தோன்றவில்லை. நாவுக்குத் தெரிந்தது நமக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம்.

பெரியபுராணத்தில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. இரவோடு இரவாக நோயோடு வந்து காலில் விழுந்த தம்பி அப்பரை அவருடைய அக்கா திலகவதியார் ஒரு வார்த்தை திட்டவில்லை. திருநீறு கொடுக்கிறார். விடியலில் துடைப்பமும் தரை மெழுகச் சாணமும் தோண்டியும் எடுத்துக்கொண்டு, அன்றாட வேலைக்குப் போகிறபடியே கோயிலுக்குப் போகிறார்; தம்பியையும் கூட அழைத்துப் போகிறார். அவ்வளவுதான். நீயும் அதுபோலவே எனக்குப் புத்தி சொல்லாமல் இரு. முந்திரித் தோப்பை அடகு வைக்கிற பேச்சையும் எடுக்காதே. அது எனக்கு இப்போது தேவையில்லை.

ஒரே ஒரு உதவி செய். அப்பாவின் திருமுறைப் புத்தகம் மர பீரோவில் மேல்தட்டில் இருக்கும். இந்தப் பதிகத்தில் எங்கே மூச்சு விட வேண்டும், எங்கே இழுக்க வேண்டும் என்று பென்சிலால் குறித்து வைத்திருப்பார். கொல்லிப் பண்ணில் எடுத்தால் ஏழாவது, எட்டாவது பாட்டில் எனக்குத் தடுக்கிவிடுகிறது. அந்தப் பக்கங்களைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பு. வெளிச்சத்தில் வைத்து எடு. போன தடவை அனுப்பிய படத்தில் உன் கட்டைவிரல்தான் தெரிந்தது.

அன்புடன்,
தம்பி