பெயர்ப்பலகை இல்லாத வரலாறு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெருநகரங்களைச் சுற்றிப் பார்ப்பது குறித்துத் தங்கள் இதழில் வரும் கட்டுரைகளைத் தவறாமல் படித்துவருகிறேன். அவை பெரும்பாலும் எல்லோரும் அறிந்த கோபுரங்களோடும் அருங்காட்சியகங்களோடும் நின்றுவிடுவதுதான் என் மனக்குறை. ஒரு நகரத்தின் அரிய செல்வங்களில் பல, யாரும் ஒளித்து வைத்தவை அல்ல. அன்றாடம் நாம் நடந்துபோகும் வழியிலேயே, இன்னதென்று எடுத்துச்சொல்ல ஆளில்லாமல் கிடப்பவை.

பாரிஸில் வோஜிரார் தெருவின் 36ஆம் எண் கட்டடத்தில், வளைவுகளுக்குக் கீழே சுவரோடு சுவராக ஒரு சலவைக்கல் பதிந்திருக்கிறது. மேலே ‘மீட்டர்’ என்று பிரெஞ்சு எழுத்துகள், கீழே அளவுக் கோடுகள், அவ்வளவே. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் வந்த புதிய அளவை மக்கள் பழகிக்கொள்ள வேண்டும் என்று 1796, 1797ஆம் ஆண்டுகளில் நகரெங்கும் பதித்த 16 கற்களில், பதித்த இடத்திலேயே இன்றும் இருப்பது இது ஒன்றுதான். உலகத்தின் பெரும்பகுதி இன்று அளந்து வாழும் முறை, தெருவில் போகிறவர் நின்று பார்த்துக் கற்றுக்கொண்ட ஒன்று என்பதை இந்தக் கல்லைப் போல வேறெதுவும் எனக்கு உணர்த்தியதில்லை.

இஸ்தான்புல்லில் வீட்டுத் தரையில் இருந்த துளை வழியே மக்கள் வாளி இறக்கித் தண்ணீர் சேந்துவதையும், மீன்கூடப் பிடிப்பதையும் அறிந்து, 1540களில் பெத்ரஸ் கில்லியஸ் என்ற பிரெஞ்சு அறிஞர் தேடிப் போனார். அடியில் இருந்தது ஆறாம் நூற்றாண்டில் ஆண்ட கிழக்கு ரோமப் பேரரசர் ஜஸ்டினியன் காலத்து நீர்த்தேக்கம். 336 தூண்கள் அதைத் தாங்கி நிற்கின்றன. மேலே குடியிருந்தவர்களுக்கோ அது வெறும் கிணறு. மெக்சிகோ நகரில் 1978இல் மின்துறைத் தொழிலாளர்கள் பள்ளம் தோண்டியபோது, அங்கே முன்பு ஆண்ட ஆஸ்டெக் மக்களின் கொயோல்ஷாவ்கி என்னும் தெய்வத்தைச் செதுக்கிய மாபெரும் வட்டக்கல் அகப்பட்டது. மண்ணுக்கடியில் கிடந்த அவர்களது பெருங்கோயிலின் அகழாய்வு அதிலிருந்துதான் விரிந்தது.

பள்ளம் தோண்டுகிறவர், பழைய சுவரைச் சுரண்டுகிறவர், மாடிப்படியை நாள்தோறும் பெருக்குகிறவர் ஆகியோரே இவற்றை முதலில் பார்க்கிறார்கள். அவர்களிடம் கேட்பவர்தான் இல்லை.

ஆகவே, எழுத்துப் பொறித்த கல், பழைய தெருப்பலகை, வாசல் நிலையில் செதுக்கிய ஆண்டு, தரையில் பதித்த பூவேலை ஓடு போன்றவற்றை வாசகர்கள் படமெடுத்து, இடத்தைக் குறித்து அனுப்பவும், தாங்கள் அவற்றை ஆவணங்களோடு ஒப்பிட்டு வெளியிடவும் வாரம் அரைப்பக்கம் ஒதுக்க வேண்டுகிறேன். பழுதுபார்க்கும் வேலை தொடங்கவிருக்கும் கட்டடங்களுக்கு அதில் முதலிடம் தாருங்கள். பூச்சு ஏறிய பிறகு அங்கே படமெடுக்க எதுவும் இருக்காது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்