டெல்லிக்குப் போகாத கேடட்டையும் பாராட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குடியரசு நாள் முகாம் முடிந்து டெல்லியிலிருந்து திரும்பும் தேசிய மாணவர் படை (என்.சி.சி.) கேடட்டுகளுக்குக் கல்லூரிகளில் நடக்கும் பாராட்டு விழாச் செய்திகளை உங்கள் நாளிதழ் விடாமல் வெளியிட்டு வருகிறது. ஒரு கலைக்கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே என்.சி.சி. அலுவலராகவும் இருந்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் எனக்கு அதில் மிகுந்த மகிழ்ச்சி. அந்தப் பிள்ளைகள் பட்ட பாடு எனக்குத் தெரியும். சில கல்லூரிகள் சேர்ந்த பட்டாலியனில் தேறி, பல பட்டாலியன்கள் சேர்ந்த குரூப்பில் தேறி, அப்புறம் தமிழ்நாடு, புதுச்சேரி, அந்தமான் மூன்றுக்கும் சேர்த்து இருக்கிற ஒரே இயக்குநரகத்தின் அணியில் இடம்பிடிக்க வேண்டும். அதற்குள் எத்தனையோ முகாம்கள் வந்துபோய்விடும். சிறந்த கேடட் போட்டி என்றால் டிரில், துப்பாக்கி சுடுதல், எழுத்துத் தேர்வு, நேர்காணல் எல்லாவற்றிலும் முன்னால் நிற்க வேண்டும். ஜனவரிக் கடைசியில் டெல்லி கன்டோன்மென்ட் கரியப்பா மைதானத்தில் பிரதமர் கையால் பதக்கம் வாங்குவது லேசான காரியமில்லை.

ஆனால் நம் பல்கலைக்கழகங்களிலும் கல்லூரிகளிலும் பாராட்டு பெரும்பாலும் அவர்களோடு முடிந்துவிடுகிறது என்பதுதான் என் வருத்தம். ஒரு கல்லூரியிலிருந்து டெல்லிக்குப் போவது ஒருவரோ இருவரோ. பல கல்லூரிகளில் அதுவும் இல்லை. அணிவகுப்புக்கு உயரம் பார்ப்பார்கள். அது அணிவகுப்பின் தேவை, குறை சொல்ல முடியாது. உயரம் போதாமல் திரும்பிவந்த பையன் மறுநாள் காலை ஆறு மணிக்கே மைதானத்தில் நின்று, ஊரிலிருந்து புதிதாக வந்த முதலாண்டு மாணவர்களுக்கு ‘சாவ்தான்’, ‘விஷ்ராம்’ என்று டிரில் கட்டளைகளைச் சொல்லிக்கொடுப்பதை நான் பார்த்திருக்கிறேன். அவனை எந்த மேடையிலும் யாரும் ஏற்றவில்லை.

யூனிட்டை உண்மையில் நடத்துவது அப்படிப்பட்ட சீனியர் அண்டர் ஆபிசர்கள்தான், அதாவது கேடட்டுகளிலேயே மூத்த பொறுப்பில் இருக்கும் மாணவர்கள். வருகைப் பதிவு எடுப்பது, யாருக்கு எந்த அளவு பூட்ஸ் என்று பார்த்து வாங்கித் தருவது, பரேடு முடிந்ததும் சிற்றுண்டி கடைசி ஆளுக்கும் கிடைத்ததா என்று பார்த்த பிறகே தான் சாப்பிடுவது, பத்து நாள் ஆண்டுப் பயிற்சி முகாமில் காய்ச்சலில் படுத்தவன் பக்கத்தில் இரவு உட்கார்ந்திருப்பது, ரத்ததான முகாமுக்கு ஆள் சேர்ப்பது எல்லாம் அவர்கள் தலையில்தான். 2020 கொரோனா காலத்தில் ‘என்.சி.சி. யோக்தான்’ என்ற பெயரில் நாடு முழுவதும் மூத்த கேடட்டுகள் விருப்பத்தின் பேரில் சேவைக்கு வந்தார்கள். எங்கள் பகுதியில் கூட்டத்தை ஒழுங்குபடுத்த வெயிலில் நின்ற பிள்ளைகள் பின்னால் பட்டம் வாங்கியபோது, அதைப் பற்றி ஒரு வரிகூட விழாவில் வாசிக்கப்படவில்லை. தலைமைப் பண்பு என்று பாடப்புத்தகத்தில் எழுதுகிறோமே, அதைச் செய்து காட்டியவர்கள் இவர்கள்.

பாராட்டு இல்லாவிட்டாலும் பரவாயில்லை, தண்டனையாவது இல்லாமல் இருக்க வேண்டும். முகாமுக்குப் போன மாணவிக்கு ஓ.டி. (வெளிப்பணியில் இருந்ததாகக் கணக்கிடும் வருகை) தர மறுத்து, தவறவிட்ட உள்மதிப்பீட்டுத் தேர்வுக்குப் பூஜ்யம் போட்ட ஒரு கல்லூரியை எனக்குத் தெரியும். பல்கலைக்கழக மானியக்குழு 2021-லேயே என்.சி.சி.யை விருப்பப்பாடமாக வைக்கச் சொல்லிவிட்டது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறைப்படி என்.சி.சி. பாடத்தில் வாங்கும் கிரேடு மதிப்பெண் பட்டியலில் வரும், ஆனால் சி.ஜி.பி.ஏ. என்ற மொத்தத் தரப்புள்ளிக் கணக்கில் சேராது. பட்டியலில் வருவதே நல்ல தொடக்கம்தான். அடுத்த படிக்கு ஏன் போகக்கூடாது?

பல்கலைக்கழகங்களை நான் குறிப்பாகக் கேட்கக் காரணம் இருக்கிறது. இந்தப் பயிற்சி பிறந்ததே அங்கேதான். 1917-ல் பல்கலைக்கழகப் படையாகத் தொடங்கி, 1942-ல் பல்கலைக்கழக அதிகாரிகள் பயிற்சிப் படை என்று பெயர் மாறி, சுதந்திரத்துக்குப் பிறகு குன்ஸ்ரு குழுவின் பரிந்துரையால் 1948-ல் இன்றைய தேசிய மாணவர் படை ஆனது. இன்றும் என்.சி.சி. தேர்வெழுதிப் பெறும் ‘சி’ சான்றிதழில் குறைந்தது ‘பி’ கிரேடும் பட்டப்படிப்பில் 50 சதவீதமும் வைத்திருப்பவர், எழுத்துத் தேர்வே இல்லாமல், என்.சி.சி. சிறப்பு நுழைவு வழியாக ராணுவ அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் எஸ்.எஸ்.பி. நேர்காணலுக்கு விண்ணப்பிக்கலாம். தேறினால் சென்னை பரங்கிமலையிலுள்ள அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் பயிற்சி. நம் வாசலிலேயே இருக்கிற அந்த அகாடமிக்கு இப்படி ஒரு வழி இருப்பதே நம் கல்லூரி மாணவர்கள் பலருக்குத் தெரியாது. தகுதியான கேடட் ஒருவரைப் பெற்றோர் நிறைந்த அரங்கில் மேடையேற்றினால் அந்தச் செய்தி தானாகவே ஊருக்குப் போகும்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் இது இன்னும் முக்கியம். பரங்கிமலையில் 1992 முதல் பெண்கள் பயிற்சி பெறுகிறார்கள். ஆனாலும் பத்து நாள் முகாமுக்கு மகளை அனுப்ப ஒரு தகப்பனாரைச் சம்மதிக்க வைக்க நாங்கள் வீடுவரை போய்ப் பேச வேண்டியிருந்தது. ‘போய் என்ன கிடைக்கும் சார்?’ என்று கேட்பார்கள். பக்கத்து ஊர்ப் பெண் பட்டமளிப்பு விழாவில் பதக்கம் வாங்கியதைக் காட்டினால் அதைவிட நல்ல பதில் வேறு இல்லை.

ஆகவே நான் கேட்பது இதுதான். பாடவாரியாகத் தங்கப்பதக்கம் தருவதுபோல, பட்டமளிப்பு விழாவில் சிறந்த கேடட்டுக்கும் ஒரு பதக்கம் தர வேண்டும். ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று. டெல்லிக்குப் போனாரா என்பதை மட்டும் பார்க்காமல் மூன்றாண்டுப் பரேடு வருகை, ‘சி’ சான்றிதழ் கிரேடு, வகித்த பொறுப்பு, செய்த சேவை, படிப்பு எல்லாவற்றையும் எடைபோட வேண்டும். எதற்கு எவ்வளவு மதிப்பெண் என்பதை ஆண்டுத் தொடக்கத்திலேயே அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட வேண்டும். தேர்வுக் குழுவில் பட்டாலியன் அதிகாரி ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும், கல்லூரி என்.சி.சி. அலுவலர் மட்டும் முடிவு செய்தால் தனக்கு வேண்டியவனுக்குக் கொடுத்தார் என்ற பேச்சு வரும். பதக்கம் பெறும் கேடட் செய்த வேலையை நாலு வரியில் எழுதி மேடையில் வாசித்து, அந்தத் தாளையும் கையில் கொடுக்க வேண்டும். எஸ்.எஸ்.பி.யில் நிரப்பும் படிவத்தில் என்.சி.சி. விவரமும் வகித்த பொறுப்புகளும் கேட்கப்படுகின்றன. என்ன செய்தோம் என்று அந்தப் பிள்ளை சொல்லும்போது பல்கலைக்கழகத்தின் எழுத்து பின்னால் இருக்கட்டும்.

இதற்குப் பெரிய நிதி தேவையில்லை. பல கல்லூரிகளில் முன்னாள் கேடட்டுகள் நல்ல நிலையில் இருக்கிறார்கள். அறக்கட்டளைப் பதக்கமாக நிறுவக் கேட்டால் தயங்காமல் தருவார்கள். முதல் பங்கை நான் தருகிறேன். துணைவேந்தர்கள் வரும் சிண்டிகேட் (பல்கலைக்கழக ஆட்சிக்குழு) கூட்டத்திலேயே இதை எடுத்துக்கொள்ள வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பேராசிரியர்,
திருநெல்வேலி